விழியில் உள்ள பிணைப்பும் வேதியியற் கூடமும்

செங்கத்தை அடுத்து எழும் ஜவ்வாது மலையில், காவலூரில் அமைந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு முதல் விண்மீன் ஒளியைத் திரட்டி வருகிறது. அவ்விண்மீன்களை நம் விழி காண்பதற்குத் துணைசெய்வது ஒரு சிறு வேதிப்பிணைப்பாகும்.

ஆல்டிஹைடும் அமீனும் கூடுமிடத்து நீர் நீங்கி, கார்பனும் நைட்ரஜனும் இரட்டைப் பிணைப்பால் இணைகின்றன. 1864இல் இதனை விளக்கிய ஹியூகோ ஷிஃப் பெயரால் இச்சேர்மம் 'ஷிஃப் காரம்' எனப்படுகிறது. தனித்த ரெட்டினால் ஏறத்தாழ 380 நானோமீட்டரில் புறஊதா ஒளியையே உறிஞ்சும். விழித்திரைப் புரதத்தோடு இப்பிணைப்பில் கூடிப் புரோட்டானையும் ஏற்றபின், 500 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை உறிஞ்சுகிறது. நாம் இருளிலும் காண்பது இதனாலேயே.

இரு முனையிலும் ஆல்டிஹைடு கொண்ட மூலக்கூறும், இரு முனையிலும் அமீன் கொண்ட மூலக்கூறும் வினைபுரிந்தால் மாலைபோல் பலபடி நீள்கிறது. 1923இல் ரோஜர் ஆடம்ஸ் குழுவினர் இத்தகைய பலபடிகளை ஆக்கினர். ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி அமைவதால் எலக்ட்ரான்கள் தொடர்நெடுகப் பரவுகின்றன. பரவல் நீள, உறிஞ்சப்படும் ஒளியின் அலைநீளமும் கூடும். பொருள் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் தோன்றும். அமிலம் சேரின், விழியிற் போலவே, நிறம் மேலும் ஆழ்கிறது.

ஆயினும், வளையாத நெடுந்தொடர் எளிதிற் கரைவதில்லை; கரையாததை மெல்லிய படலமாக்குதல் அரிது. எனவே ஆய்வாளர் நீண்ட ஆல்கைல் கிளைகளைச் சேர்க்கின்றனர். கிளைகள் நெருங்கின் தொடர் முறுகி, எலக்ட்ரான் பரவல் குன்றும். ஒன்றைப் பெற மற்றொன்றை இழவாது காத்தலே இத்துறை மாணவர்முன் உள்ள பணியாகும்.