ஆடுதலும் ஆட்டுவித்தலும்

ஆட்டத்தில் வல்லவரே அணியை நடத்தவும் வல்லவர் என்பர் பலர். சென்னை வாசுதேவன் பாஸ்கரன் 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் தலைவராய்த் தங்கம் வென்றார். 2000இல் சிட்னியில் அவரே பயிற்சியாளர். போலந்து இறுதி நிமிடங்களில் அடித்த கோலால் அரையிறுதி கைநழுவ, அணி ஏழாமிடமே பெற்றது. ஒரு கோலுக்காக அவரைப் பழித்தல் அறமன்று. ஆயினும் பழைய தங்கம் புதியதற்குப் பிணையாகாது. நாட்டணிக்கு ஆடியிராத ஹைதராபாத் ஆசிரியர் சையது அப்துல் ரகீமோ, பயிற்சியாளராய் நின்று, 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நம் கால்பந்து அணிக்குத் தங்கம் தேடித் தந்தார். ஆடினோர் தம் திறம் அறிவர். நடத்துவோர் பிறர் திறம் அறிதல் வேண்டும். சிவகாசியில் மருந்து கலப்பதில் தேர்ந்தாரெல்லாம், பலர் உயிரைக் காக்கும் போர்மேன் ஆகிவிடுவதில்லை அன்றோ! ஆட்ட அனுபவம் நல்ல முதலே. பயிற்றும் கலையையும் கற்றார்க்கே அது பயன் தரும்.