கரையோர வளவில் முதல் செங்கற்கட்டு

கேள்வி: மேசன் வேலையைப் புதிதாகக் கற்க விரும்பும் ஒருவர், தமது வளவுக்கு மதில் எழுப்பியே அதைப் பழகிக்கொள்ளலாமா? கடற்கரை மணலைக் கலவைக்குப் பயன்படுத்தலாமா?
– வாசகர், சாய்ந்தமருது

பதில்: மதில் முதற்பயிற்சிக்கு உகந்ததன்று. ஆளுயரத்துக்கு எழும் தனிச்சுவர் காற்றின் தள்ளுவிசையைத் தன் எடையாலும் அகலத்தாலுமே தாங்க வேண்டியிருப்பதால், அதில் நேரும் பிழை தெருவால் போவோரின் உயிருக்கும் ஆபத்தாகலாம். நிலத்துக்கு மேல் நான்கு வரிசை மட்டுமே உயரமுள்ள பூப்பாத்திச் சுற்றுக்கட்டு ஒன்றைத் தெரிவுசெய்தால், மூலை திருப்புதல், மட்டம் பார்த்தல், ஒரு வரிசையின் இணைப்பு மேல்வரிசைக் கல்லின் நடுவில் அமையுமாறு மாற்றி வைத்தல் ஆகிய அடிப்படைகளைக் குறைந்த செலவில் கற்கலாம்.

கடல் மணல் அறவே கூடாது. அதிலுள்ள உப்பு ஈரத்தில் கரைந்து செங்கல்லின் நுண்துளைகளுக்குள் ஊடுருவி, நீர் ஆவியாகும்போது மேற்பரப்பை ஒட்டிப் படிகமாகி விரிவதால், முதலில் வெண்பூச்சாகத் தோன்றும் ‘உப்புப் பூத்தல்’ நாளடைவில் கல்லின் முகத்தையே உதிர்த்துவிடும். ஒலுவில் துறைமுகம் அமைந்த பின்னர் அதற்கு வடக்கேயுள்ள கரை அரிக்கப்பட்டுவரும் நிலையில், கடற்கரையில் மணல் அள்ளுவது ஊருக்கும் கேடாகும். எனவே ஆற்று மணலை அரித்தெடுத்து, உவர்ப்பற்ற நீரைக் கொண்டே கலவை குழைக்க வேண்டும்.

இலங்கைத் தர நியமம் குறிக்கும் செங்கல் 220 மி.மீ. நீளமும் 105 மி.மீ. அகலமும் 65 மி.மீ. உயரமும் உடையது, 10 மி.மீ. கலவைப் படுக்கையையும் சேர்த்தால் ஒரு வரிசை 75 மி.மீ., நான்கு வரிசைகள் 300 மி.மீ. ஆகும். சூளைக்குச் சூளை அளவு மாறுவதால், கையிலுள்ள கல்லை அளந்து, அந்த உயரங்களைக் கோடிட்ட பலகையொன்றை மூலையில் நிறுத்திக்கொள்வது நன்று.

கரையோர மணல் தரை எளிதில் சரியுமாதலால், வானத்தை (அத்திவாரக் குழியை) நீர் விட்டு இறுக்கி, கொங்கிரீட் படுக்கை இட்ட பின்னரே கட்டத் தொடங்க வேண்டும். முதல் வரிசையைக் கலவையின்றி அடுக்கிப் பார்த்து, மூலைகளைத் தூக்குக்குண்டாலும் நீர்மட்டத்தாலும் சரிசெய்து உயர்த்தியபின், அவற்றுக்கிடையே நூல் கட்டி இடைக்கற்களை வைப்பதே முறை. நனைக்காத கல் கலவையின் நீரை உறிஞ்சி அதன் பிடிப்பைக் குறைக்குமாதலால், கற்களை முன்கூட்டியே ஊறவிட வேண்டும். சீமெந்து ஒரு பங்குக்கு மணல் ஐந்து பங்கு போதுமானது. குழைத்த கலவையை ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துவிட வேண்டும். அடிவரிசையில் இடையிடையே சில நிலைக்குத்து இணைப்புகளைக் கலவையின்றி விட்டால் பாத்தியின் நீர் வடிந்துவிடும். கட்டு முடிந்தபின் ஏழு நாட்கள் நனைத்துவந்து, அதன் பின்னரே மண் நிரப்ப வேண்டும்.

சீமெந்துக்குச் செலவிடுமுன் களிமண் சாந்தால் ஒரு மூலையைக் கட்டி, பிரித்து, மீண்டும் கட்டிப் பழகுவது சாலச் சிறந்தது. கற்கள் வீணாகா, கையும் பழகும். வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களைத் தவிர்த்து, சீமெந்து தோலைப் புண்ணாக்குமாதலால் கையுறையும் அணிந்து வேலையைத் தொடங்குக. இதையே தொழிலாகக் கொள்ள விரும்புவோர், அரசின் தொழிற்பயிற்சி நிலையங்களில் மேசன் துறைக்கான தேசிய தொழில் தகைமைச் சான்றிதழைப் பெற முயல வேண்டும்.