பிள்ளை மடியில் இருந்தால் போதுமா?

ஆனி பிறந்தால் நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குத் திருவிழா. புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் கைக்குழந்தையும் பையுமாகச் சனம் முட்டி மோதும். நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளையை அம்மனுக்குக் காட்டாமல் விட முடியுமா? போகத்தான் வேண்டும். ஆனால் துறையில் நின்று காதைக் கொடுத்தால், பெற்றோர் தமக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானங்களில் பாதி கடலுக்கு ஒத்துவராதவை.

“பிள்ளை என்ர மடியிலதானே இருக்கு.” அடிக்கடி கேட்பதும் ஆபத்தில் முதலாவதும் இதுதான். படகு திடீரெனச் சரிந்தால் கை தானாகவே எதையாவது பிடிக்கப் பாயும். அந்தக் கணத்தில் பிள்ளை நழுவிவிடும். இதற்குப் பயந்து சிலர் சேலைத் தலைப்பால் பிள்ளையைத் தம்மோடு சேர்த்து முடிந்துகொள்வார்கள். அது இன்னும் மோசம். தாய் முகங்குப்புற விழுந்தால் பிள்ளையும் தண்ணீருக்குள். இன்னொருவர் கையில் தூக்கிக் கொடுக்கவும் வழியில்லை. தாய் போட்டிருக்கும் உயிர்காப்பு அங்கியும் ஒருவரை மிதக்கவைக்கச் செய்யப்பட்டது, இருவரை அல்ல.

பெரியவரின் அங்கியைப் பிள்ளைக்கு மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதும் இதே கதைதான். தண்ணீரில் அங்கி மேலே வரும், பிள்ளை கீழே போகும். ஏறுமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம்: அங்கியின் தோள்பட்டைகளைப் பிடித்து மெதுவாக மேலே தூக்குங்கள். அது காதுவரை ஏறினால் அளவு பிழை. சிறு பிள்ளைகளுக்கான அங்கியில் தலையைத் தாங்கும் கழுத்துப்பட்டையும், கால்களுக்கிடையே வரும் வாரும் இருக்கவேண்டும். எத்தனை கிலோ எடைக்கு என்று உள்ளே அச்சிட்டிருக்கும். இந்த அளவு எல்லாப் படகிலும் கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. கனடாவிலிருந்து வரும் சித்தப்பாவிடம் சொக்லேற்றுக்குப் பதிலாக இதைக் கேட்கலாம். அங்கே காரில் பிள்ளைக்கெனத் தனி இருக்கை வைத்து வார் போடாமல் நகராதவர், இங்கே வந்ததும் அதே பிள்ளையைப் படகின் விளிம்பில் இருத்திப் படம் எடுப்பதன் காரணம் எனக்கு விளங்குவதில்லை. காற்று ஊதிய கைவளையங்கள் விளையாட்டுப் பொருள். அவற்றைக் கணக்கில் எடுக்கவேண்டாம். கைக்குழந்தைக்குப் பொருந்தும் அங்கி கிடைக்கவே இல்லையா? பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அம்மன் அடுத்த ஆனியிலும் அங்கேதான் இருப்பாள்.

“கிட்டத்தானே, கடலும் ஆழமில்லை.” பாக்குநீரிணைப் பக்கத்துக் கடல் பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைந்த ஆழம் என்பது உண்மை. ஆனால் ஆழமில்லாத கடலில் காற்று எழுந்தால் அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வந்து அடிக்கும். சிறு படகைப் புரட்ட அது போதும். 2017 ஆகஸ்டில் மண்டைதீவுக் கடலில் படகு கவிழ்ந்து மாணவர்கள் ஆறு பேர் இறந்தது யாழ் நகரத்துக்கு எதிரே. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டதும், பாலம் இல்லாததால் தினமும் கடந்துவந்த சிறிய நீர்ப்பரப்பில்தான்.

“ஓட்டிக்குத் தெரியாத கடலா?” தெரியும். ஆனால் படகில் எத்தனை பேர் ஏறுவது என்பதைக் கடலறிவு மட்டும் தீர்மானிப்பதில்லை. அவசரப்படும் சனமும் தீர்மானிக்கிறது. நிறைந்த படகை விட்டுவிட்டு அடுத்ததுக்குக் காத்திருக்கும் உரிமை உங்களுடையது. பயண நாளைத் தெரிவுசெய்வதும் அப்படியே. ஆனியும் ஆவணியும் சோளகக் காற்றின் காலம். திருவிழாவும் ஆகஸ்ட் விடுமுறையும் அதற்குள் வருகின்றன. மார்கழி விடுமுறையில் வாடை. பங்குனி சித்திரையில்தான் கடல் பொதுவாக அடங்கியிருக்கும். ஆக, முதற்பயணத்துக்குப் புத்தாண்டு விடுமுறையே நல்லது. புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பு என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கும்போது அதில் நம் தீவுகளும் அடங்கும் என்பதை நினைவில் வையுங்கள். சின்னப் பிள்ளையோடு முதன்முதலில் போவதென்றால் இருபது நிமிட நயினாதீவு போதும். ஒரு மணி நேரம் எடுக்கும் நெடுந்தீவும் அதன் குதிரைகளும் பெருக்கமரமும் பிள்ளை கொஞ்சம் வளரும்வரை காத்திருக்கும்.

“வெறும் வயித்தோட போனால் சத்தி வராது.” வெறும் வயிறும் குமட்டும், முட்டச் சாப்பிட்ட வயிறும் குமட்டும். ஒரு மணி நேரத்துக்கு முன்னர் எண்ணெய் இல்லாத இரண்டு இடியப்பமோ பாணோ கொடுத்தால் போதும். இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கடற்குமட்டல் அரிது. மூன்று நான்கு வயதிலிருந்து பன்னிரண்டு வரையானவர்களையே அது கூடப் பிடிக்கும். ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில், டீசல் மணம் எட்டாத இடத்தில் இருத்தி, தொலைவில் தெரியும் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசியைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் பை தேவைப்படும். தேசிக்காயை மணக்கக் கொடுப்பதால் கெடுதல் இல்லை. பக்கத்துவீட்டு மாமி தரும் அவோமின் குளிசையில் பாதியை உடைத்துக் கொடுப்பதுதான் கெடுதல். அது புரோமெதசின் வகை மருந்து. இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மூச்சை மந்தமாக்கி உயிராபத்தை உண்டாக்கலாம் என்று 2004இலேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் கடுமையாக எச்சரித்தது. பெரிய பிள்ளைக்கும் வைத்தியரைக் கேட்டே கொடுக்கவேண்டும்.

“உள்ளுக்குள்ள இருந்தால் பயமில்லை.” தவறி விழும் பயம் இல்லை, சரி. ஆனால் படகு கவிழ்ந்தால் கீழ்த்தட்டிலிருந்து வெளியே வர வாசல் எங்கே? ஏறியதும் அதைப் பார்த்து, அதற்குக் கிட்ட இருங்கள்.

வெயில் சுடாததுபோல் இருப்பது காற்றின் வேலை. தோல் கருகுவது வீட்டுக்கு வந்த பிறகே தெரியும். நீளக்கை உடுப்பு, தொப்பி, குடிக்கத் தண்ணீர், நீரிழப்புக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி ஒரு பைக்கற் இவை பையில் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வெக்கை என்று தண்ணீர் பருக்கவேண்டாம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும்.

திரும்பும் படகைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. மத்தியானத்துக்குப் பின் கடற்காற்று வலுக்கும், பிள்ளையும் களைத்திருக்கும். ஆகவே காலைப் படகில் போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். பிள்ளை அங்கியோடு தோளில் நித்திரையாகிவிட்டால், பாவம் என்று அங்கியைக் கழற்றவேண்டாம்.