அனைவரையும் சேரும் மடல்

கல்வி தேடியோ பொருள் தேடியோ இளைஞர் ஊர்விட்டுச் செல்வது நமக்குப் புதிதன்று. காரைக்கால் கடற்கரையில் உள்ள நம் மண்டபத்தூர் போன்ற சிற்றூர்களிலும், பிள்ளை தொலைவில் இருக்க, அவன் செய்திக்காகக் காத்திருக்கும் இல்லங்கள் உண்டு. “பிள்ளையிடமிருந்து செய்தி வந்ததா?” என்று அங்கே அனைவரும் கேட்பர். “வந்த செய்தி வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் சேர்ந்ததா?” என்பது அதனினும் இன்றியமையாத வினா. காவிரிப் படுகையில் வளர்ந்த ஒருவரின் வாழ்க்கை இதனை உணர்த்துகிறது.

கணித மேதை இராமானுஜன் கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1914 மார்ச் 17 அன்று சென்னையில் ‘நெவாசா’ என்னும் கப்பலேறி இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது அவருக்கு வயது 26. இளம் மனைவி ஜானகி இங்கேயே இருந்தார். கேம்பிரிட்ஜில் இராமானுஜன் தாமே சமைத்துப் புலால் உண்ணாமை காத்தார். தொடக்கத்தில் வீட்டுக்குத் தவறாது கடிதம் எழுதினார். அவ்வாண்டு ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. நாளடைவில் அவர் மடல்கள் அருகின. 1917இல் கடும் நோயுற்று மருத்துவ இல்லம் சேர்ந்தார். 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினராகும் பெருமை வந்தது. ஆயினும் இல்லத்தோடு இருந்த தொடர்பு நலிந்தே கிடந்தது.

கணவருக்குத் தாம் எழுதிய மடல்கள் மாமியாரால் தடுக்கப்பட்டன என்பதை ஜானகி அம்மாள் பிற்காலத்தில் தெரிவித்துள்ளார். மனைவியின் சொல் வாராமையால் கணவர் வருந்தினார். தம் சொல் சேராமையால் மனைவி வருந்தினார். தாயார் கோமளத்தம்மாள் மகன்மீது உயிரையே வைத்திருந்தவர். அன்பு மிகுந்த இடத்திலும் இத்தகைய தடை நேரக்கூடும் என்பதே நாம் கருதவேண்டியது.

1919 மார்ச் 27 அன்று இராமானுஜன் பம்பாயில் கரையிறங்கியபோது ஜானகி அங்கில்லை. பின்னர் வந்து சேர்ந்து, இரவும் பகலும் பணிவிடை செய்தார். 1920 ஏப்ரல் 26 அன்று, 32ஆம் வயதில் இராமானுஜன் மறைந்தார். ஐந்தாண்டுப் பிரிவுக்குப்பின் அவ்விருவருக்கும் கிடைத்தது ஓராண்டுக் காலமே.

இதனால் நாம் அறியத்தக்கவை மூன்று:

1. வெளியூரில் வாழும் மகன், பெற்றோருக்கும் மனைவிக்கும் தனித்தனியே எழுதுக, பேசுக. ஒருவரிடம் சொன்னது எல்லாருக்கும் சொன்னதாகாது.

2. நோயையும் மனத்துயரையும் மறையற்க. பணம் வருவதைக் கொண்டு பிள்ளை நலமாக உள்ளான் என்று வீட்டார் எண்ணிவிடுவர்.

3. வீட்டிலுள்ள மூத்தோர், பிறர்க்குரிய சொல்லுக்குக் குறுக்கே நில்லாதிருப்பாராக.

இன்று கடல் கடந்த குரலும் நொடியில் வந்தடைகிறது. ஆனால் தொலைபேசி ஒருவர் கையிலேயே இருந்துவிட்டால், அன்று மடல் மறைந்தது போல் இன்று குரலும் மறையும்.

சிந்திக்க: உங்கள் இல்லத்துப் பிள்ளை பேசும்போது, இதுவரை அவனோடு பேச வாய்ப்புப் பெறாதவர் யார்? அடுத்த அழைப்பை முதலில் அவர் கையில் கொடுங்கள்.