ஊருக்குள் டெக் வந்த கதை

2021 கடைசியில் காக்கா கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது, சூட்கேசுக்குள் சாரன்களால் சுற்றிய பெட்டியொன்றைக் கொண்டுவந்தார். ஐந்து கிலோ இருக்கும். "இது என்னடா?" என்று வாப்பா கேட்டார். "டெக் வாப்பா" என்றேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வாடகைக்கு டெக் எடுத்து, முற்றத்தில் டீவியை வைத்து, அயலெல்லாம் விடியவிடியப் படம் பார்த்த காலம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். பெட்டியைத் தூக்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கெசட் எங்க போடுற?" என்றார்.

இந்த டெக் (DAC) வேறு. போனில் இருக்கும் பாட்டு வெறும் எண்கள். 1982இல் சீடி வந்தபோது வகுத்த கணக்கின்படி, இடது, வலது ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு செக்கனுக்கு 44,100 எண்கள், ஒவ்வொரு எண்ணும் 16 பிட். ஸ்பீக்கருக்கு எண் விளங்காது, ஏறி இறங்கும் மின்னழுத்தம்தான் விளங்கும். அந்த எண்களை மின்னழுத்தமாக மாற்றுவதுதான் இதன் வேலை. உங்கள் டீவிக்குள்ளும் ஒன்று இருக்கிறது, பாட்டுப் போடும் எந்தப் போனுக்குள்ளும் இருக்கிறது. அதையே தனிப் பெட்டியாக்கி, தடித்த அலுமினியத்தில் அடைத்து விற்கும்போதுதான் விலை வானத்துக்கு ஏறுகிறது.

எந்தளவு ஏறும் என்றால், ஹெட்போனைச் செருகுவதற்கான அப்பிள் கொம்பனியின் விரல் நீள வயர் ஒன்று 9 டொலர். அதற்குள் ஒரு முழு டெக் இருக்கிறது. மறுபக்கம், இங்கிலாந்தின் கோர்ட் கொம்பனிக்காக ரொப் வோட்ஸ் வடிவமைத்த 'டேவ்', 2015இல் வந்தபோது ஏறக்குறைய 8,000 பவுண். கேம்பிரிட்ஜில் 1987இல் ரேடார் வேலையோடு தொடங்கிய டிசிஎஸ் கொம்பனியின் பெட்டிகள் அதற்கும் மேலே. எல்லாம் செய்வது ஒரே வேலைதான்.

காக்கா கொண்டுவந்தது ஏணி வகை. ரெசிஸ்டர்களை ஏணிப்படி போல அடுக்கி மின்னழுத்தத்தைக் கட்டும் முறை. தோஹாவை விட்டுப் போகும் ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கியது. எனக்குச் செலவு ஒன்றேமுக்கால் இலட்சம் ரூபா. இலங்கையில் டொலர் 200 ரூபாவில் நின்ற நேரம் அது. அடுத்த மே மாதம் டொலர் 360ஐத் தொட்டபோது, ஒரு பாட்டும் போடாமலே பெட்டியின் பெறுமதி கூடியிருந்தது. நான் பார்த்த ஒரே இலாபம் அதுதான் என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

முதல் இரவு இஸ்லாமியப் பாடகர் நாகூர் ஹனீபாவைப் போட்டேன். எங்கள் ஊரான நற்பிட்டிமுனையில் வேறு யாரைப் போடுவது? அந்தக் கணீர்க் குரல் ஸ்பீக்கரை விட்டு இறங்கி அறை நடுவில் நின்றதுபோல இருந்தது. 9 டொலர் வயருக்கு மாற்றினேன், குரல் சுருங்கிப் பின்னால் போய்விட்டது. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, "வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம்" என்றேன். மூன்று வாரம் அந்தப் பெருமையில் போனது.

கெடுத்தவன் மின்வயரிங் வேலை செய்யும் என் கூட்டாளி. ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "மச்சான், ரெண்டும் ஒரே சத்தமா?" என்றான். இரண்டிலும் ஒரே பாட்டு, அம்ப்ளிபயரின் வொல்யூம் திருகு ஒரே இடத்தில், பிறகென்ன என்றேன். அவன் மல்டிமீட்டரை ஸ்பீக்கர் முனைகளில் வைத்தான். பெரிய பெட்டி இரண்டு வோல்ட் தரும் வகை, வயர் ஒரு வோல்ட். அம்ப்ளிபயரைத் தொடாமல் மாற்றினால் 6 டெசிபெல் வித்தியாசம். கூடுதல் சத்தத்தைக் காது 'கூடின சத்தம்' என்று சொல்லாது. 'தெளிவு', 'ஆழம்', 'உயிர்' என்று சொல்லும். கடையில் விலை கூடிய பெட்டி எப்போதும் நன்றாகக் கேட்பதில் பாதி இந்த வித்தையாக இருக்கலாம்.

ஆகவே இரண்டு டெக்கை ஒப்பிட நினைப்பவர் முதலில் வாங்கவேண்டியது மல்டிமீட்டர். 400 ஹேர்ட்ஸ் ஒற்றைச் சுரம் ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட் பாருங்கள். இரண்டும் நூற்றில் ஒரு பங்குக்குள் வரவேண்டும், அதாவது 1.00 வோல்ட்டுக்கு 1.01. அதற்கு மேல் விலகினால் நீங்கள் சத்தத்தை ஒப்பிடுகிறீர்கள், டெக்கை அல்ல. அந்தச் சிறிய வயரை அண்ட்ரொய்ட் போனில் செருகி "சத்தமே இல்லை" என்று கழித்துவிடவும் வேண்டாம். சில போன்கள் அதன் உள் வொல்யூமை முழுதாகத் திறப்பதில்லை. நான் லெப்டொப்பில் செருகினேன்.

சமப்படுத்திய பிறகு ராத்தாவின் மகன் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தான், வயது பதினாறு. காசைச் சுண்டி, தலையா பூவா பார்த்து, டெக்கை மாற்றுவான். நான் எது என்று எழுதவேண்டும். இருபது சுற்று. இருபதில் 15 சரியாக வந்தால்தான் குருட்டு அதிர்ஷ்டம் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். எனக்கு வந்தது 11.

"மாமா, காசே 10 எடுத்திருக்கும்" என்றான்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. பிறகுதான் இது பழைய கதை என்று வாசித்தேன். அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் பொஸ்டன் பக்கத்து இசைப்பிரியர்களை வைத்து, உயர்தர ஒலிக்கும் அதையே சீடி அளவுக்கு இறக்கிய ஒலிக்கும் வித்தியாசம் பிடிபடுகிறதா என்று சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். 554 தடவையில் 276 சரி. என் 11ஐவிட மோசம்.

ஆனால் "எல்லா டெக்கும் ஒன்றுதான்" என்று அடித்துப் பேசுகிறவர்களோடும் நான் சேரமாட்டேன். என் பெட்டியில் ஓவர்சாம்ப்ளிங்கை, அதாவது எண்களுக்கு இடையில் மேலும் எண்களைக் கணித்து நிரப்பும் வேலையை, நிறுத்தும் பொத்தான் ஒன்று உண்டு. நிறுத்தினால் 'இயற்கையான ஒலி' என்பார்கள். உண்மையில் நடப்பது, சீடிக் கணக்கில் 20,000 ஹேர்ட்ஸ் பக்கம் ஒலி 3 டெசிபெல் சரிகிறது. இடம் மாறி, பையனை இருபது சுற்றுக் கேட்கவைத்தேன். சலங்கையும் கைத்தாளமும் நிறைந்த பாட்டில் 17 பிடித்தான். எனக்கு அந்த உயரத்தில் காது எப்போதோ மூடிவிட்டது, பத்துக்கு மேல் போகவில்லை. ஹனீபாவின் பழைய பதிவில் அவனாலும் பிடிக்க முடியவில்லை, அங்கே மேலே ஒன்றுமே இல்லை. வித்தியாசம் இருந்தது உண்மை, ஆனால் அது விலையால் வந்ததல்ல. வேண்டுமென்றே வைத்த ஒரு வளைவு.

டெக்குக்குள் இருக்கும் சிப்பின் பெயரைச் சொல்லி விற்பவர்களையும் அளவோடு நம்புங்கள். 2020 ஒக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில் ஏகேஎம் சிப் தொழிற்சாலை எரிந்தது. அந்தச் சிப்பின் 'பட்டுப் போன்ற' ஒலிக்காகவே பெயர்பெற்ற கொம்பனிகள், போட்டியாளரான ஈஎஸ்எஸ் சிப்புக்கு மாறி அடுத்த வருடமே புதுப் பெட்டி இறக்கின. அவற்றையும் ஆட்கள் அதே அளவு புகழ்ந்தார்கள்.

எனக்கு உண்மையில் ஒலி திறந்தது கரண்ட் போனபோதுதான். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். பெரிய பெட்டி செத்துக் கிடந்தது. லெப்டொப் பற்றரியில் அந்த 9 டொலர் வயரைச் செருகி, ஹெட்போனில் அதே ஹனீபாவைக் கேட்டேன். அடுத்த அடிக்கு முன் அவர் மூச்சிழுப்பது கேட்டது. பதிவின் இரைச்சல் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பது கேட்டது. அவ்வளவு நாளும் இவை எங்கே இருந்தன? தலைக்கு மேல் சுற்றிய காற்றாடிக்குள். கரண்ட் வந்ததும் போனில் அளந்து பார்த்தேன். காற்றாடியோடு 48 டெசிபெல், நிறுத்தினால் 31. போனின் அளவு துல்லியம் இல்லைதான், ஆனாலும் 17 டெசிபெல் சின்ன இடைவெளியா? 16 பிட் சீடியே 96 டெசிபெல் இடைவெளி தரும். அதன் கீழ்ப் பாதியைக் காற்றாடிக்குக் கொடுத்துவிட்டு, 120 டெசிபெல் தரும் டெக் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதற்குப் பிறகு செய்தவை சில்லறை வேலைகள். ஸ்பீக்கரில் ஓயாமல் கேட்ட 'ஊ...' என்ற இரைச்சலுக்குக் காரணம், எர்த் இல்லாத இரட்டை முள் சார்ஜர். அதைக் கழற்றி லெப்டொப்பைப் பற்றரியில் ஓடவிட்டதும் நின்றது. எங்கள் பக்கம் உப்புக்காற்று. வயர்களின் பித்தளை முனைகளில் வருடத்துக்குள் பச்சைக் களிம்பு ஏறும். ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் மூன்று மாதத்துக்கொருமுறை துடைக்கிறேன். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி, முன்சுவருக்குப் பழைய பாய் ஒன்றைத் தொங்கவிட்டேன். இந்த மாற்றங்களை மறைத்து வைத்துக் கேட்கத் தேவையே இல்லை. அடுப்படியிலிருந்து உம்மாவே, "இப்ப என்ன சொல்றாருண்டு விளங்குது" என்றார்.

இருக்கிற காசு ஒரு இலட்சம் என்றால், ஐயாயிரத்துக்கு மேல் டெக்குக்குப் போடமாட்டேன். மிச்சமெல்லாம் ஸ்பீக்கருக்கு. உங்களிடம் பழைய அம்ப் இருந்து, வொல்யூம் திருகு, ரிமோட், நாலைந்து செருகுமிடம் எல்லாம் வேண்டுமென்றால், அவற்றுக்காக விலை கொடுத்து டெக் வாங்குவது நியாயம். ஒலிக்காக என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பெட்டியை நான் விற்கவில்லை. அதன் திருகு பாரமாகச் சுழலும் சுகம் கைக்குப் பழகிவிட்டது. வாப்பாவும் அதன் மேல்தான் தன் மூக்குக் கண்ணாடியை வைக்கிறார். இப்போது மாரி. தகரத்தில் விழும் மழைக்கு எந்த டெக்கும் ஒன்றுதான், கிட்டங்கித் தாம்போதியில் தண்ணீர் ஏறிவிட்டதால் வயரிங் கூட்டாளியும் அக்கரையில் சவளக்கடையில் மாட்டிக்கொண்டான். மழை விட்டதும் மறுபடி இருபது சுற்று வைப்போம் என்று மருமகன் சொல்லியிருக்கிறான். இந்தத் தடவை கேட்கப்போவது அந்த மச்சான்.