வெண்ணியும் தலையாலங்கானமும்

தஞ்சையிலிருந்து திருவாரூருக்கு இரயில் வண்டியில் வருவோர், நீடாமங்கலத்தை எட்டுமுன் கோயில்வெண்ணி என்னும் சிறு நிலையத்தைக் கடந்து வருவர். சம்பந்தரும் நாவுக்கரசரும் பாடிய கரும்பேசுவரர் திருக்கோயில் உள்ள ஊர் அது எனச் சிலர் அறிவர். மூவேந்தர் வரலாற்றைத் திருப்பிய பெரும்போர் ஒன்று அங்கே நிகழ்ந்தது என்பதை அறிந்து சன்னல் வழியே எட்டிப் பார்ப்பவர் மிகச் சிலரே. இன்னொரு களம் குடவாசல் வட்டத்துத் தலையாலங்காடு. சங்கப் பாடல்கள் தலையாலங்கானம் என்று குறிப்பது இவ்வூரையே என்பர். வெண்ணி தஞ்சைக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 மைல். தலையாலங்காடு திருவாரூருக்கு வடமேற்கே ஏறத்தாழ 8 மைல். 1997-இல் தனி மாவட்டமான திருவாரூருக்குள் இவ்விரண்டும் அடங்கிவிடுகின்றன. சங்க காலத்தின் மிகப் பெரும் போர்கள் இரண்டும் நம் நெல்வயல்களின் நடுவே நடந்தது எதனால்? அப்போர்கள் விட்டுச் சென்றவை யாவை? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் வெண்ணி. சோழன் உருவப்பஃறேர் இளஞ்சேட்சென்னியின் மகன் கரிகாலன் இளமையிலேயே அரசுரிமை பெற்றவன். கூட்டில் அடைபட்டு வளர்ந்த புலிக்குட்டிபோலப் பகைவர் சிறையில் இருந்து மீண்டவன் என்று பட்டினப்பாலை அவனைக் காட்டுகிறது. அவனுக்கு எதிராகச் சேரனும் பாண்டியனும் திரண்டனர். பதினொரு வேளிரும் உடன் வீழ்ந்தனர் என்று அகநானூற்றில் பரணர் கூறுகிறார். அப்பதினொருவர் பெயரைக் கூறினாரல்லர். அவ்வெற்றியால் எழுந்த ஆரவாரம் அழுந்தூரில் கேட்டதாகவும் அவர் பாடுகிறார். கரிகாலனின் தந்தை அழுந்தூர் வேளிடம் பெண் கொண்டவன் என்று நச்சினார்க்கினியர் எழுதுவதனால், ஆர்த்தவர்கள் தாய்வழிச் சுற்றத்தார் எனலாம்.

தலையாலங்கானத்திலும் இதே அமைப்பைக் காண்கிறோம். பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணை ஏறியபோது சிறுவன். பால் மறந்து சோறு உண்ணத் தொடங்கியதே அன்றுதான் என்று இடைக்குன்றூர் கிழார் வியக்கும் அளவுக்கு இளையவன். சேரன், சோழன் என்னும் வேந்தர் இருவரோடு திதியன், எழினி, எருமையூரன், இருங்கோவேண்மான், பொருநன் எனக் குறுநில மன்னர் ஐவரும் சேர்ந்து அவனை எதிர்த்தனர். நக்கீரர் இவ்வெழுவரையும் பெயர் சுட்டியே பாடுகிறார். ஒருவனை ஒருவன் வெல்வதும் தோற்பதும் உலகில் புதிதன்று, ஒருவன் எழுவரை எதிர்த்து நின்றதை முன்பு கேட்டதில்லை என்பது இடைக்குன்றூர் கிழாரின் கருத்து. வெண்ணிப் போரைக் கி.பி. 190 அளவிலும் தலையாலங்கானப் போரைக் கி.பி. 210 அளவிலும் வைப்பார் வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார். வேறு காலம் கூறும் அறிஞரும் உளர்.

போருக்குக் காரணம் யாது? இளையன் என்று பகைவர் இகழ்ந்து பேசியதே காரணம் என்பதுபோல் நெடுஞ்செழியன் தானே பாடிய புறப்பாட்டில் வஞ்சினம் கூறுகிறான். அவர்களை முரசத்தோடு கைப்பற்றேனாயின் என் குடிமக்கள் என்னைக் கொடுங்கோலன் எனத் தூற்றுக, மாங்குடி மருதனார் முதலாய புலவர் என் நாட்டைப் பாடாது ஒழிக என்பது அவன் சூளுரை. சினம் உண்மையே. ஆயினும் சினம் ஒன்றே ஏழு படைகளை ஒரு களத்திற்குக் கொணரும் என நாம் நம்புவதற்கில்லை. கி.மு. 431-இல் தொடங்கிய ஏதென்ஸ்–ஸ்பார்ட்டாப் போரை எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடைடீஸ், வெளியே பேசப்பட்ட குறைகளையும் உள்ளிருந்த மெய்க்காரணத்தையும் பிரித்துக் காட்டினார். ஒன்றன் வளர்ச்சி மற்றொன்றனுக்கு ஊட்டிய அச்சமே மெய்க்காரணம் என்றார். நம் போர்களுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். சிறு வேறுபாடு மட்டும் உண்டு. இங்கே அஞ்சியது இன்றைய வலிமையை அன்று. சிறுவன் நாளை வளர்ந்துவிடுவான், அதற்குமுன் அடக்கிவிட வேண்டும் என்னும் அவசரமே கூட்டணியைக் கூட்டியது என்று கருதுகிறோம்.

அவசரத்திற்கு அடியில் நெல் இருந்தது. வெண்ணி வெற்றியைப் பாடும் பொருநராற்றுப்படை, காவிரி காக்கும் நாட்டில் வேலி ஒன்றுக்கு ஆயிரம் கலம் செந்நெல் விளையும் என்று சொல்லித்தான் முடிகிறது. இது புலவர் மிகைக்கூற்று என்று நம் வேளாண் பெருமக்கள் நகைக்கக்கூடும். மிகையே ஆகுக. அந்நாளைய பிற நாட்டு அரசர் காதுகளில் விழுந்ததும் அந்த மிகைதானே? யானையும் குதிரையும் காலாளுமாகிய படையை ஊட்டி நிறுத்த வல்லது மலைநாடும் அன்று, வறண்ட முல்லைநிலமும் அன்று. நெற்கூடு நிறைந்த மருதநிலமே. அதனை உடையவன் மற்ற இருவருக்கும் மேலானவன் ஆகிவிடுவான். தடுத்து நிறுத்த மலையோ காடோ இல்லாத சமவெளி என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

பகைவர் மதுரையின் மதிற்புறம் வரை வந்தனர், நெடுஞ்செழியன் அவர்களைத் துரத்திச் சென்று சோழநாட்டுக்குள் வைத்து முறியடித்தான் என்பது சாஸ்திரியாரின் கருத்து. பகைவரின் சொந்த ஊருக்கே சென்று, அவர்தம் மகளிர் நாணும்படி அவர்களைக் கொன்றான் என்னும் புறப்பாட்டும் இதற்கு அரண் செய்கிறது. எனவே மதுரையில் மூண்ட தீ அணைந்தது குடவாசல் பக்கத்து வயல்களில்! போர் தொடங்கும் ஊர் ஒன்று, போரைச் சுமக்கும் ஊர் மற்றொன்று.

விளைவுகளுக்கு வருவோம். பாண்டியர் இவ்வெற்றியை மறக்கவே இல்லை. பல நூற்றாண்டு கழிந்து, பத்தாம் நூற்றாண்டில் வெளியிட்ட சின்னமனூர்ப் பெரிய செப்பேட்டிலும் தலையாலங்கான வெற்றியைத் தம் குலப்பெருமையாகப் பொறித்தனர். வென்றவரின் ஏடு இவ்வாறு பேச, தோற்றவரின் நிலத்தைப் பாடியவரும் வென்றவனின் அவைப்புலவரே என்பது வியப்புக்குரியது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியைப் படிக்கும் மாணவர், மதுரை நகரின் அங்காடி வருணனையோடு நின்றுவிடுகின்றனர். அதற்குமுன் உள்ள பகுதியை நிறுத்திப் படித்தல் வேண்டும். நாட்டில் எரி பரப்பி ஆலங்கானத்தில் தங்கிய செய்தியைச் சொன்ன புலவர், பகைவர் நாட்டின் நிலையைத் தொடர்ந்து விரிக்கிறார். நாடென்று பெயர் பெற்றது காடாயிற்று. மாடு கிடந்த இடத்தில் விலங்கு கிடந்தது. நல்ல ஏர் நடந்த விளைவயலில் காட்டுப்பன்றி தன் பிணவோடு துள்ளியது. எரிந்து கரிந்த நெற்குதிர்களில் கூகை குழறியது. எந்த நெல்லுக்காகப் படை வந்ததோ அந்நெல்லின் குதிரே முதலில் எரிந்தது. நிலையாமையை அரசனுக்கு அறிவுறுத்தும் காஞ்சித்திணைப் பாட்டு இது என்பதை நினைந்தால், புலவர் இதனைப் புகழாக மட்டும் பாடினார் என்று கொள்வதற்கில்லை.

பிற்காலத்திலும் இந்நிலம் இதே துன்பத்தை வேற்றவர் பகையால் அடைந்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஐரோப்பாவில் கொண்ட பகைக்காக 1746, 1758, 1782 ஆகிய ஆண்டுகளில் நாகப்பட்டினக் கடலில் கப்பற்போர் புரிந்தனர். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, படைக்குப் பணம் இல்லாமல், தஞ்சை மன்னர் முன்னர்ச் சந்தா சாகிபுக்கு எழுதிக் கொடுத்த 56 இலட்சம் ரூபாய்ப் பத்திரத்தைக் காட்டிப் படையெடுத்தார். வழியில் நாகூர் கொள்ளை போயிற்று. கீழ்வேளூர்க் கோயில் சூறையாடப்பட்டது. அங்கே அந்தணர் சிலரை ஒற்றர் எனக் கருதிப் பீரங்கி வாயில் வைத்துக் கொல்வித்தார். பணம் கிட்டாமலே திரும்பிய லாலி 1760-இல் வந்தவாசியில் தோற்றார். 1766-இல் பாரிசில் தம் அரசாலேயே தலை வெட்டப்பட்டார். 1781-இல் ஆங்கிலேயருக்கும் மைசூருக்கும் நடந்த போரில், தஞ்சைக் கோட்டை நீங்கலாக நாடெங்கும் ஐதர் அலியின் படை பரவியது. எதிரியின் படைக்கு உணவு கிடைக்கலாகாது என்பது போர்முறை. கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன, பாசன வழிகள் சிதைந்தன, விளைச்சல் பழைய அளவை எட்டப் பல ஆண்டுகள் ஆயின. குதிரை எரித்தவர் பெயர் மாறியது; குதிர் மாறவில்லை.

மீண்டும் வெண்ணிக்குச் செல்வோம். அங்கே போரிட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகில் புண்பட்டு நாணி, வாளொடு வடக்கிருந்து உயிர் துறந்தான். இரு பெருவேந்தரும் களத்திலேயே அவிந்தனர் என்று பொருநராற்றுப்படை கூறுவதனால், வெண்ணியில் நடந்தது ஒரு போரா, இரு போரா என அறிஞர் வாதிடுவர். கழாத்தலையார் அச்சேரனுக்காக இரங்கியபோது, முழவு தன் மண்ணை மறந்ததையும், யாழ் பண்ணை மறந்ததையும், சிற்றூர் விழாவை மறந்ததையும் சொன்னார். அவற்றோடு உழவர் தம் ஆரவாரத்தை மறந்ததையும் மறவாமல் சொன்னார்.

அப்போரைப் பற்றிப் பாடிய மற்றொருவர் வெண்ணிக் குயத்தியார். பெயரே அவர் ஊரையும் தொழிலையும் காட்டுகிறது. புறநானூற்றின் 66-ஆம் பாட்டு அவருடையது. தம் ஊர்க்களத்தில் வென்று நின்ற தம் மன்னனை முன்னிலைப்படுத்தி, காற்றை ஏவல் கொண்டு கலம் ஓட்டியவர் வழி வந்தவனே என்று முறையாக வாழ்த்தித் தொடங்கினார். வென்றவன் நீ என்பதையும் ஒப்புக்கொண்டார். பின்னர், புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தானே அவன் உன்னைவிட நல்லவன் அல்லனோ என்று கேட்டார். கரிகாலன் கூறிய மறுமொழி அப்பாட்டில் இல்லை.