டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது

குளியலறையைக் கூடநின்று நாமே புதுப்பித்துவிடலாம் என்று இறங்குகிறவர்கள், கையில் இருப்பதில் பெரும்பகுதியை டைல்ஸிலும் பளபளக்கும் குழாய்களிலும் போட்டுவிடுகிறார்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் தெரிந்த பிறகுதான் டைல்ஸுக்கு அடியில் என்ன பூசினோம் என்ற கேள்வியே எழுகிறது.

நம்பிக்கை: நல்ல டைல்ஸாகப் போட்டால் தண்ணீர் இறங்காது.

விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை அநேகமாக உறிஞ்சுவதில்லை, வாஸ்தவம். ஆனால் இரண்டு டைல்ஸுக்கு நடுவில் அடைக்கிற ஒயிட் சிமென்ட் உறிஞ்சும். ஷவருக்குக் கீழே தினமும் நனைகிற இடத்தில் அந்த வழியாக நீர் கலவைக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். எபாக்ஸி கிரவுட் போட்டால் கறை பிடிக்காது, நீரும் மிகக் குறைவாகவே புகும். அதற்காக அதை மட்டும் நம்பக் கூடாது. கட்டடம் வெயிலுக்கும் எடைக்கும் லேசாக அசையும். தரையும் சுவரும் சேரும் மூலையில் மயிரிழை விரிசல் விழும். அந்த மூலைக்குக் கிரவுட் ஆகாது, சிலிக்கான்தான் சரி. நீரை நிறுத்தும் வேலை அடியில் இருக்கும் பூச்சினுடையது.

நம்பிக்கை: கலவையில் வாட்டர்புரூஃப் திரவம் ஊற்றியாயிற்று, அதுவே போதும்.

கொத்தனார்கள் அதிகம் சொல்வது இதைத்தான். அந்தத் திரவம் கலவையின் நுண்துளைகளைக் குறைக்கும். பிறகு விழும் விரிசலை மூடாது. அதற்குத் தனியாக ஒரு பூச்சு வேண்டும்: பாலிமர் திரவமும் சிமென்ட் தூளும் சேர்த்துக் கலக்கி, பிரஷ்ஷால் இரண்டு கை அடிப்பது. முதல் கை காய்ந்ததும் இரண்டாவதைக் குறுக்குவாட்டில் அடிக்க வேண்டும். பூச்சு தொடங்கும் முன்பே மூலைகளைக் கலவையால் வளைவாக உருட்டிவிட்டு, பூசும்போது அங்கே ஃபைபர் வலையைப் பதிக்க வேண்டும். குழாய் வெளிவரும் இடங்களிலும், தரையில் நீர் வடியும் நஹானி டிராப்பைச் சுற்றியும் அவசரம் கூடவே கூடாது. கசிவு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இந்த வேலைக்குக் கைத்திறனைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும். வீட்டுக்காரர் தாமே செய்ய ஏற்ற வேலை என்று நான் நினைப்பது இது ஒன்றைத்தான்.

நம்பிக்கை: சுவரில் ஒரு அடி உயரம் பூசினால் போதும்.

ஷவர் இல்லாத சுவருக்குப் போதும். ஷவர் சுவருக்கு, ஷவர் தலைக்கு மேல் வரை பூச வேண்டும். அந்தச் சுவரின் மறுபுறம் படுக்கையறை அலமாரி இருந்தால், பெயின்ட் உரிவதற்கும் துணி பூஞ்சை பிடிப்பதற்கும் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

நம்பிக்கை: பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டிவிடலாம்.

ஒட்டலாம். பழைய கசிவும் கூடவே இருக்கும். அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் குழாய் ஓடுவதற்காகக் குளியலறைத் தளத்தை ஏறக்குறைய ஒரு அடி இறக்கிப் போட்டு, பள்ளத்தைச் செங்கல் துண்டுகளால் நிரப்பியிருப்பார்கள். அதற்குள் இறங்கிய நீருக்கு வெளியேற வழியில்லை. மேலே குளிப்பதை நிறுத்திய பிறகும் கீழே சொட்டுவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, சுவருக்குள் ஓடும் குழாயில் கசிவு. இப்படிப்பட்ட தளத்தில் பள்ளத்தின் அடியில் ஒரு முறையும் டைல்ஸுக்குக் கீழே ஒரு முறையும் பூச வேண்டும். கீழ்வீட்டுக் கூரைக்கு பெயின்ட் அடித்துக் கொடுப்பது சமாதானத்துக்கு உதவும், கசிவுக்கு உதவாது.

நம்பிக்கை: டைல்ஸ் போட்டு முடித்துத் தண்ணீர் விட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்போது கசிந்தால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். பூச்சு நன்றாகக் காய்ந்ததும் டிராப்பை அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு 48 மணி நேரம் விட வேண்டும். கீழ்வீட்டுக் கூரையையும் போய்ப் பார்க்க வேண்டும். குழாய்க்காகச் சுவரில் காடி வெட்டுவது, குழாய்க்கு அழுத்தம் கொடுத்துச் சோதிப்பது எல்லாம் பூச்சுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பூசிய சுவரில் பிளம்பர் உளி வைத்தால் அந்த இடத்தில் மறுபடி பூசித்தான் ஆக வேண்டும். தண்ணீர் கட்டியிருக்கும்போது, "நாளைக்கு வேற சைட் இருக்கு" என்று டைல்ஸ்காரர் கிளம்பினால் கிளம்பட்டும்.